மிசிசிப்பி பிறக்கும் இடத்தில் குவளைக் கணக்கு

"இட்டாஸ்காவுக்கு ஆர்வி எடுத்துக்கொண்டு போகலாமா?" என்று ஒருவர் வாயெடுத்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் ஒரு குண்டைப் போடுவார்: "அங்கே ஃபுல் ஹூக்கப் கிடையாதாமே!" கிடையாதுதான். ஆர்வி என்ற வீட்டு வண்டிக்கு நின்ற இடத்திலேயே மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு தருவதைத்தான் ஃபுல் ஹூக்கப் என்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள இட்டாஸ்கா ஸ்டேட் பார்க்கில், வண்டியை நிறுத்தித் தங்கும் நிறைய சைட்டுகளுக்கு மின்சாரம் உண்டு. ஆனால் சைட்டுக்கு சைட் தண்ணீர்க் குழாயும் இல்லை, கழிவுநீரை விடக் குழியும் இல்லை. இதைக் கேட்டதும் சிலர் நெடுஞ்சாலையோரத் தனியார் ஆர்வி பார்க்கைத் தேடிப் போய்விடுகிறார்கள். இன்னும் சிலர் மூன்று நாள்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் யோசிக்காமல் கிளம்பி, இரண்டாம் நாள் சாயங்காலம் வசமாக மாட்டிக்கொள்கிறார்கள். முதல் கூட்டத்துக்குத் தேவையில்லாத பயம், இரண்டாவது கூட்டத்துக்குத் தேவையில்லாத தைரியம். கழிவுநீர் இணைப்பு இல்லாததைக் குறையாக என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் அந்த மூன்று நாள் எப்படிப் போகும் என்பதை மின்சாரமோ வானிலையோ தீர்மானிப்பதைவிட இந்த ஒரு விஷயம்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

இடத்தை நினைத்தால் வேடிக்கையாகவும் இருக்கிறது. ஏறக்குறைய 1,100 ஏக்கர் ஏரி. அதன் வடகோடியில், முழங்கால் நனையும் ஆழத்தில், கற்களின் மேல் வழிந்து மிசிசிப்பி ஆறு புறப்படுகிறது. பார்க்குக்குள் மட்டும் நூறு ஏரிகளுக்கு மேல். இத்தனை தண்ணீருக்கு நடுவில் ஒரு குடும்பம் உட்கார்ந்து, பாத்திரம் கழுவ எத்தனை குவளை, பல் தேய்க்க எத்தனை குவளை என்று எண்ண வேண்டியிருக்கிறது. எண்ணத் தெரிந்தவர்களுக்கு அது அருமையான இடம். தெரியாதவர்களுக்கும் அருமைதான், ஒன்றரை நாள் வரைக்கும்.

மூன்று எண்கள்

வாடகை வண்டியின் சாவியை வாங்கும்போது மறக்காமல் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று எண்கள்: நல்ல தண்ணீர்த் தொட்டி எத்தனை கேலன், சாம்பல் தொட்டி எத்தனை, கருப்புத் தொட்டி எத்தனை. சிங்க்கிலும் ஷவரிலும் ஓடுவதெல்லாம் சாம்பலுக்குப் போகும். கழிப்பறையில் போவது மட்டும் கருப்புக்கு. வண்டிக்கு வண்டி அளவு மாறும். கணக்குக்காக கிளாஸ் சி எனப்படும் நடுத்தர வகையில் 25 அடி நீள வண்டி ஒன்றில் நல்ல தண்ணீர் 40 கேலன், சாம்பல் 30, கருப்பு 30 என்று வைத்துக்கொள்வோம். லிட்டரில் ஏறக்குறைய 150, 113, 113. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைப் பாத்திரத்துக்கும் குளியலுக்குமே 150 லிட்டர் போய்விடும்.

எல்லோரும் கண் வைப்பது நல்ல தண்ணீர்த் தொட்டியின் மேல்தான். தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்ற பயம் நம் ரத்தத்தில் ஊறியது. ஆனால் மேலே உள்ள எண்களைத் திரும்பப் பாருங்கள். 40 கேலன் நல்ல தண்ணீர் தீருவதற்கு முன்பே 30 கேலன் சாம்பல் தொட்டி நிரம்பிவிடும். நல்ல தண்ணீர் கால் தொட்டி மிச்சமிருக்கும்போதே அதைப் பயன்படுத்த வழியில்லாமல் போகிறது. இதற்கு மேல் வீட்டில் உழைப்பாளி யாராவது ஒருவர் 7 கேலன் நீலக் கேனைத் தூக்கிக்கொண்டு கேம்ப் கிரவுண்ட் குழாய்க்கு நாலு நடை போய் நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைப்பார். நல்ல எண்ணம்தான், ஆனால் நிலைமை இன்னும் மோசமாகும். தண்ணீரைக் கொண்டுவருவது சுலபம், கொண்டுபோய் விடுவதுதான் பாடு. ஆகவே இப்படிப்பட்ட சைட்டில் தங்கும் கெடுவைச் சாம்பல் தொட்டியில்தான் அளக்க வேண்டும். 30 கேலனை மூன்று நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 10. ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு 8 என்று வைத்துக்கொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

வண்டிக்குள் இருக்கும் ஷவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 கேலன் கொட்டும். ஐந்து நிமிடக் குளியல் 10 கேலன். நாலு பேர் ஆளுக்கு ஒரு தடவை குளித்தால் 40. தொட்டியோ 30. சுடுதண்ணீர் டாங்க் பெரும்பாலும் 6 கேலன்தான் பிடிக்கும் என்பதால், இரண்டாவதாகக் குளிக்கப் போகிறவர் எப்படியும் அலறிக்கொண்டு வெளியே வருவார். இட்டாஸ்காவின் பேர் பா, பைன் ரிட்ஜ் கேம்ப் கிரவுண்டுகளில் பொதுக் குளியலறைகள் இருக்கின்றன. அங்கே குளித்துவிட்டால் கணக்கில் பாதி முடிந்தது. வண்டி ஷவரைத் துடைப்பமும் ஈரச் செருப்பும் வைக்கும் அலமாரியாக மாற்றிவிடுவதே உத்தமம். அவசரத்துக்கு உள்ளே குளித்தே ஆக வேண்டுமென்றால் உடம்பை நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசி முடிக்க வேண்டும். 2 கேலனில் முடியும். ஷவர் கைப்பிடியில் இருக்கும் சின்ன பட்டன் இதற்காகத்தான். தண்ணீர் சூடாகிற வரைக்கும் ஓடுகிற குளிர்ந்த நீரை ஒரு வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றலாம்.

சமையலறைப் பக்கம்

இங்கேதான் அமெரிக்க ஆர்வி புத்தகங்களின் கணக்கு நமக்குப் பொருந்தாமல் போகிறது. ஹாட் டாக் வாட்டித் தின்கிற குடும்பத்துக்கு இரண்டு ஃபோர்க்தான் கழுவ வேண்டும். நமக்குக் குக்கர், வாணலி, தாளிப்புக் கரண்டி, மூன்று அளவில் டப்பா. குழாயை ஓடவிட்டுக் கழுவினால் நிமிடத்துக்கு ஒன்றரை கேலன், பதினைந்து நிமிடத்தில் 22 கேலன். முதல் ராத்திரிச் சாப்பாட்டிலேயே தொட்டியில் முக்கால் பங்கு முடிந்தது.

அரிசி களைகிற தண்ணீர் இன்னொரு தலைவலி. மூன்று தடவை களைந்தால் மூன்று நாலு லிட்டர் ஆகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதிலுள்ள மாவுச்சத்து தொட்டியிலும் சிங்க்குக்கு அடியில் இருக்கும் வளைகுழாயிலும் தங்கி, வெயிலில் சூடேறிய வண்டிக்குள் இரண்டே நாளில் புளித்து நாற ஆரம்பிக்கும். கஞ்சி வடிப்பதை மறந்தும் செய்யக்கூடாது. அரிசியை வீட்டிலேயே கழுவி, துணியில் பரப்பி நன்றாக உலர்த்தி எடுத்துக்கொண்டு போனால் அளந்த தண்ணீரில் நேராக வேகவைக்கலாம். அதைவிட ரவையும் சேமியாவும் புத்திசாலித்தனம், களையவே வேண்டாம். மாவு கொண்டுபோனால் இட்லி வேண்டாம், தோசை சுடுங்கள். இட்லித் தட்டின் குழிகளையும் ஓட்டைகளையும் கழுவ ஆகும் தண்ணீரில் இரண்டு பேர் குளித்துவிடலாம். இரும்புத் தோசைக்கல்லைத் துடைத்து வைத்தால் போதும்.

தாளிப்பதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். சைட்டில் பிக்னிக் மேசை இருக்கும், அதன்மேல் இரண்டு பர்னர் புரொபேன் அடுப்பு. ஒரு பவுண்டு பச்சை சிலிண்டர் ஒரு பர்னரை முழுத் தீயில் வைத்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வரும். நாளைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, கூட ஒன்று எடுத்துக்கொண்டால் சரி. உள்ளே கடுகு வெடித்தால் முதலில் புகை அலாரம் அலறும், அப்புறம் மெத்தை உறைகளில் பெருங்காய வாசனை ஏறும், கடைசியில் வண்டியை வாடகைக்கு விட்டவர் துப்புரவுக் கட்டணம் என்று ஒரு வரியைப் பில்லில் சேர்ப்பார். சமையல் முடிந்ததும் மேசையில் ஒரு பருக்கைகூட விடாமல் எல்லாவற்றையும் வண்டிக்குள் ஏற்றிவிட வேண்டும். இட்டாஸ்கா காட்டில் கருங்கரடிகள் உண்டு. சாம்பார் பிடிக்காத கரடியாக இருக்கும் என்று நம்புவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

பாத்திரம் கழுவும் முறை இது. சாப்பிட்ட கையோடு ஒவ்வொரு தட்டையும் காகிதத் துண்டால் வழித்துத் துடைத்து, எண்ணெயும் மஞ்சளும் ஒட்டிய காகிதத்தைக் குப்பையில் போட வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் பிறகு எதுவும் சரிவராது. எண்ணெய்தான் தொட்டிச் சுவரில் படிந்து நாற்றத்தைப் பிடித்து வைக்கிறது. அப்புறம் சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் அடித்துத் தேய்த்து, சிங்க்கில் வைத்த சின்ன டப்பில் ஒரு கேலன் சுடுநீரில் முக்கி எடுத்து, இன்னொரு கேலனில் அலச வேண்டும். இரண்டு கேலனில் நாலு பேர் சாப்பிட்ட பாத்திரம் முடியும். அந்த டப்பு நீரையும் சிங்க்கில் கொட்டாமல் கழிப்பறைக்குள் ஊற்றினால் சாம்பல் கணக்கிலிருந்து இரண்டு கேலன் குறையும். பொதுக் கழிப்பறை வாஷ்பேசினில் பாத்திரம் கழுவப் போகாதீர்கள். அது விதிக்கு விரோதம், அடைத்துக்கொண்டால் முப்பது குடும்பத்துக்குத் தொல்லை.

கழிப்பறைக்கு நீர் ஊற்றினால் அந்தத் தொட்டி நிரம்பாதா என்று கேட்கலாம். நிரம்பும், ஆனால் கருப்புத் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டும். அது கெடுவது பெரும்பாலும் தண்ணீர் போதாமல்தான். மிச்சம் பிடிக்கிறேன் என்று சொட்டுத் தண்ணீரில் ஃப்ளஷ் செய்தால், திடக்கழிவும் காகிதமும் கழிப்பறைக்கு நேர் கீழே கூம்பாகக் குவிந்து காய்ந்து இறுகிவிடும். தொட்டியைத் திறக்கும்போது நீர் மட்டும் ஓடிப்போகும், கூம்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும். காகிதத்துக்குப் பதில் தண்ணீர் விட்டுக் கழுவிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சலுகை கிடைக்கிறது: காகிதம் குறைவு, நீர் அதிகம். கருப்புத் தொட்டிக்கு இதைவிட நல்ல விருந்தாளி கிடையாது. ஈர வைப்ஸ் மட்டும் ஒன்றுகூடப் போகக்கூடாது, உறையில் ஃப்ளஷபிள் என்று அச்சடித்திருந்தாலும் சரி. பகலில் கேம்ப் கிரவுண்ட் கழிப்பறையையும் இரவில் வண்டியுடையதையும் பயன்படுத்தினால் 30 கேலன் மூன்று நாளுக்குத் தாராளம்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 30 ஆம்பியர் என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1,500, இண்டக்‌ஷன் அடுப்பு 1,800. இரண்டும் ஓடும்போது மைக்ரோவேவைத் தொட்டால் பிரேக்கர் விழும். சைட்டிலுள்ள மின் இணைப்புக் கம்பத்தில் பிரேக்கரை அணைத்துவிட்டுப் பிளக்கைச் செருகிய பிறகு போட வேண்டும். வண்டியை மட்டமாக நிறுத்துவதில் மட்டும் அசட்டை வேண்டாம். கேஸிலும் ஓடுகிற பழைய வகை ஃபிரிட்ஜில் அம்மோனியாக் கரைசல் தன் எடையாலேயே இறங்கி ஓட வேண்டும், வண்டி சாய்ந்திருந்தால் அது தேங்கி ஃபிரிட்ஜே கெட்டுப்போகும். சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் பலகைகளை வைத்து மட்டம் பார்த்து, பிறகுதான் மற்ற வேலை.

இரண்டாம் நாள் சாயங்காலம்

மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் மாட்டிக்கொள்கின்றன. பிள்ளைகள் நீச்சல் கரையிலிருந்து தலை நிறைய மணலோடு வருகிறார்கள். குளியலறை வரிசையில் நிற்கச் சோம்பல், ஒரே ஒரு தடவை உள்ளேயே குளிக்கட்டும் என்று விடுகிறார்கள். சுவரில் இருக்கும் பலகையில் பட்டனை அமுக்கிப் பார்த்தால் சாம்பல் தொட்டி 2/3 என்று விளக்கு எரிகிறது, பரவாயில்லை என்று தோன்றுகிறது. அந்த விளக்கு சொல்வது, இரண்டு பங்கு உயரத்தில் பதித்த ஊசி நனைந்திருக்கிறது என்பதை மட்டும்தான். அதற்கு மேலே ஒரு அங்குலமா, விளிம்புக்கு ஒரு அங்குலமா என்று அதற்குத் தெரியாது. ஊசியில் எண்ணெயோ காகிதமோ ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியைக்கூட நிறைந்தது என்று காட்டும். ஆர்வி உலகத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒரே விஷயம் அந்த விளக்குகளை நம்பக்கூடாது என்பதுதான். நம்ப வேண்டியது சிங்க்கிலிருந்து வரும் சத்தத்தை. தொட்டி விளிம்பை நெருங்கும்போது உள்ளே இறங்குகிற நீர் காற்றை மேலே தள்ளும். சிங்க் வடியும்போது 'க்ளக், க்ளக்' என்று தொண்டையில் தண்ணீர் மாட்டினாற்போல் ஒரு சத்தம். அதுதான் கடைசி எச்சரிக்கை.

அதைக் கவனிக்காமல் யாரோ குக்கரைக் கழுவிய தண்ணீரைச் சிங்க்கில் சாய்க்கிறார்கள். நீர் இறங்குகிறது. அப்போது ஷவர் பக்கமிருந்து ஒரு பிள்ளை கூப்பிடும்: "அம்மா, கீழேயிருந்து தண்ணி வருது!" வெள்ளை பிளாஸ்டிக் தட்டின் ஓட்டை வழியாக மஞ்சள் கலந்த பழுப்பு நீர் மெதுவாக ஏறுகிறது. நடுவில் இரண்டு கறிவேப்பிலை மிதக்கிறது. சிங்க்கும் ஷவரும் ஒரே தொட்டியில் சேர்வதால், தொட்டி நிரம்பியதும் நீர் எல்லாவற்றிலும் தாழ்ந்த வாய் எதுவோ அதன் வழியாகத் திரும்பி வரும். வண்டியில் தாழ்ந்த வாய் ஷவர்தான். கழிப்பறை உடைந்துவிட்டதோ என்று அந்த நேரத்தில் எல்லோரும் பதறுவார்கள். கழிப்பறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேலே வந்திருப்பது மத்தியானச் சாப்பாடு.

அப்போது செய்யக்கூடாதது ஒன்று உண்டு. இருட்டட்டும் என்று காத்திருந்து, வண்டிக்கு அடியில் சாம்பல் வால்வைக் கொஞ்சம் திறந்து புதரோரம் விட்டுவிடலாம் என்று மனம் சொல்லும். சோப்புத் தண்ணீர்தானே, செடிக்கு ஊற்றுவதில்லையா என்று நியாயமும் கிடைக்கும். ஸ்டேட் பார்க்கில் அது அபராதத்துக்குரிய குற்றம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த மணல் சரிவு நேரே ஏரிக்கு இறங்குகிறது. சாப்பாட்டுக் கழிவிலிருக்கும் பாஸ்பரஸ்தான் ஏரிப் பாசிக்கு முதல் தீனி. காலையில் பிள்ளைகள் குளித்த கரைக்கே அது போய்ச் சேரும். கோடை முழுவதும் ஒவ்வொரு சைட்டிலும் ஒரு குடும்பம் அப்படி விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஏரியை ஒட்டிய சைட்டுக்கெல்லாம் மண்ணைத் தோண்டிக் கழிவுக் குழாய் பதிக்காமல் விட்டிருப்பது கஞ்சத்தனம் என்று எனக்குத் தோன்றாததற்குக் காரணமும் இதுவே. குழாய் என்றால் என்றைக்காவது கசியும்.

செய்ய வேண்டியது: பம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள், இனி உள்ளே ஒரு சொட்டும் ஓடக்கூடாது. ஷவர் தட்டில் நிற்கும் நீரைக் குவளையால் மொண்டு கழிப்பறைக்குள் ஊற்றுங்கள். தட்டு காலியாகாமல் வண்டியை நகர்த்தினால் முதல் பிரேக்கிலேயே அது குளியலறையைத் தாண்டிப் படுக்கை வரை வரும். பிறகு கம்பத்துப் பிரேக்கரை அணைத்துக் கம்பியைச் சுருட்டி, பந்தலை மடக்கி, பலகைகளை எடுத்து, கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போய்த் திரும்ப நாற்பது நிமிடம் ஒரு மணி நேரம் ஆகும். இழுவை வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் கொடுமை, மறுபடி காரில் பூட்ட வேண்டும். அவர்களுக்குச் சக்கரம் வைத்த கழிவுத் தொட்டி ஒன்று கடையில் கிடைக்கும். 15 கேலன் அளவுள்ளது நிரம்பினால் 57 கிலோ கனக்கும் என்பதை வாங்குமுன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கையால் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏற முடியாது. பெரும்பாலோர் காரின் கொக்கியில் மாட்டி நடைவேகத்தில் ஓட்டிப்போகிறார்கள். இதெல்லாம் வேண்டாம், நாளை மத்தியானம் கிளம்பத்தானே போகிறோம் என்றால், மீதி நேரம் முழுக்க டப்பும் பொதுக் குளியலறையும்தான்.

மதகைத் திறக்கச் சொன்னவர்

தண்ணீரைத் தேக்குவதும் திறப்பதும் இந்த ஏரிக்குப் புதிய சண்டை இல்லை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் எல்க் ஏரி என்ற பொருளில் பெயர் வைத்திருந்த நீர்நிலை இது. 1832-இல் ஓசாவிந்திப் என்ற ஒஜிப்வே தலைவர் வழிகாட்ட இங்கே வந்த ஆய்வுப் பயணி ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட், உண்மை, தலை என்று பொருள்படும் வெரிட்டாஸ், கபுட் என்ற இரண்டு லத்தீன் சொற்களின் தலையையும் வாலையும் நறுக்கி நடுவை ஒட்டி இட்டாஸ்கா என்று ஒரு பெயரை உண்டாக்கினார். 1891-இல் மினசோட்டா சட்டமன்றத்தில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் இது ஸ்டேட் பார்க் ஆனது. ஆனாலும் மரம் வெட்டும் கம்பெனிகள் ஓயவில்லை. வெட்டிய பைன் கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட நீர் வேண்டும் என்று ஏரி வாயில் அணை கட்டித் தேக்கினார்கள். மட்டம் உயர்ந்து கரையோர மரங்கள் வேர் மூழ்கிச் செத்தன. 1903-இல், தகப்பனார் இறந்ததும் பார்க் கமிஷனர் பொறுப்புக்கு வந்த மேரி கிப்ஸுக்கு வயது 24. அணைக்கே நேரில் போய் மதகைத் திறக்கச் சொன்னார். துப்பாக்கியோடு நின்ற கம்பெனிக்காரர்கள் மிரட்டினார்கள். அந்தப் பதவியில் அவர் நீடித்தது சில மாதங்கள்தான். இன்று ஆறு தொடங்கும் இடத்தில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்கு அவர் பெயர்தான்.

அந்த இடத்தையே இன்னொரு கண்ணாலும் பார்க்கலாம். பிள்ளைகள் ஒவ்வொரு கல்லாகத் தாவி மிசிசிப்பியைக் கடக்கிறார்களே, அந்தக் கல் வரிசை இயற்கை வைத்தது கிடையாது. 1930-களில் சதுப்பைத் தூர்த்து, வாய்க்காலைத் திருத்தி, அடியில் தடுப்புக் கட்டி, மேலே கற்களைப் பரப்பி, ஆறு பிறக்கும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஜனங்கள் எதிர்பார்த்தார்களோ அப்படி ஆக்கினார்கள். அழகு அழகுதான், குறை சொல்லவில்லை. பக்கத்தில் நட்டிருக்கும் மரக் கம்பத்தில் கடல் வரை 2,552 மைல் என்று செதுக்கியிருக்கிறது. இங்கிருந்து கிளம்பும் ஒரு துளி மெக்ஸிகோ வளைகுடா போய்ச் சேர ஏறக்குறைய 90 நாள் ஆகும் என்பார்கள். அதுவும் முதலில் வடக்கே பெமிட்ஜி பக்கம் போய், அப்புறம்தான் தெற்கே திரும்பும். காலை எட்டு மணிக்கு முன் போனால் கூட்டம் இருக்காது. ஜூனில் கொசு மட்டும் இருக்கும், கூட்டத்துக்கும் சேர்த்து.

சைட் பிடிப்பதும் தனிக் கலை. 120 நாளுக்கு முன்னால்தான் பதிவு திறக்கும். ஜூலை வாரக் கடைசி வேண்டுமென்றால் மார்ச்சிலேயே நாட்காட்டியில் குறித்துவைத்து அன்று காலையிலேயே உட்கார வேண்டும். வண்டி நீளத்தைச் சரியாகப் போடுங்கள், சைட்டுக்கு சைட் மாறும். ஏரி தெரியும் சைட்டுக்காக அடித்துக்கொள்வதைவிட, குளியலறைக்கு நடக்கும் தூரத்தில் இருக்கும் சைட் மேல் என்பேன். இருட்டில் ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்போது அந்த நூறு அடியின் அருமை தெரியும். விறகை வீட்டிலிருந்து ஏற்றிவராதீர்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு விறகோடுதான் ஊர் விட்டு ஊர் போகிறது, அனுமதி பெற்ற விறகை அங்கேயே வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரிசை

கடைசி வேலை டம்ப் ஸ்டேஷன். ஞாயிறு பத்து மணிக்கு மேல் போனால் வரிசை வளைந்து நிற்கும், முன்னால் நிற்பவர் முதல் தடவைக்காரராக இருந்தால் உங்கள் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். காலைக் காப்பிக்கு முன் போய்விடுவது நல்லது. வண்டியின் கழிவு வாய் ஓட்டுநர் பக்கம் இருக்கும், குழி அதே பக்கம் வரும்படி நிறுத்துங்கள். ரப்பர் கையுறை போட்டபின், மூடியைத் திறக்குமுன் இரண்டு வால்வுக் கைப்பிடிகளும் உள்ளே தள்ளியிருக்கின்றனவா என்று பார்த்து, அடியில் ஒரு வாளி வைத்து மூடியை மெதுவாகத் திருப்புங்கள். யாராவது ஒரு வால்வை அரைகுறையாக மூடியிருந்தால் அது காலில்தான் தெரியும். மூன்று அங்குல ஹோஸின் முனையிலுள்ள காதுகள் வாயின் முளைகளில் இரண்டு பக்கமும் சரியாக விழும்வரை திருக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் மாட்டியது போலவே இருக்கும், அழுத்தம் வந்ததும் கழன்றுகொள்ளும். மறுமுனையைக் குழிக்குள் நுழைத்து அதன் மூடியையோ ஒரு கல்லையோ மேலே வையுங்கள். கனமான திரவம் பாயும்போது ஹோஸ் பாம்பு மாதிரி எழும்பும்.

கருப்பு முதலில், சாம்பல் பிறகு. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து ஹோஸைக் கழுவிவிட்டுப் போகும், வரிசைக்குக் காரணம் அவ்வளவுதான். கருப்பு வால்வை ஒரே இழுப்பில் முழுதாக இழுங்கள், பாதி திறந்தால் திரவம் மட்டும் போய்க் கட்டி தங்கும். ஓட்டம் நின்றதும் மூடிவிட்டு அப்புறம் சாம்பலைத் திறங்கள், இரண்டையும் ஒன்றாகத் திறந்து வைக்காதீர்கள். சாம்பல் முழுதும் வடிந்த பிறகு அதையும் மூடி, ஹோஸை வண்டிப் பக்கமிருந்து தூக்கிக்கொண்டே குழிப்பக்கம் நடந்தால் உள்ளே நிற்பது எல்லாம் இறங்கிவிடும். அங்கே தொங்கும் குழாய் தரையையும் ஹோஸையும் கழுவுவதற்கு, குடிநீருக்கு இல்லை. அதன் வாய் எங்கெங்கோ பட்டிருக்கும். குடிநீர் நிரப்பும் குழாய் தனியாக, தள்ளி இருக்கும். அதற்குரிய வெள்ளை ஹோஸைக் கழிவு ஹோஸ் வைத்த பெட்டியில் போடாதீர்கள். ஊருக்குத் திரும்பும்போது நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்பவும் வேண்டாம், 40 கேலன் 150 கிலோ, வீண் சுமை.

கிளம்புமுன் கழிப்பறை வழியாக இரண்டு கேலன் தண்ணீரும் ஒரு மூடி தொட்டி மருந்தும் கருப்புத் தொட்டிக்குள் ஊற்றிவிடுங்கள். சாம்பலுக்கு ஒரு கேலனும் கொஞ்சம் பாத்திர சோப்பும். மினியாப்பொலிஸ் வரை 220 மைல், வழியெல்லாம் வண்டி குலுங்கும். தொட்டிச் சுவரைக் கழுவுகிற வேலையைச் சாலை பார்த்துக்கொள்ளும்.